சென்னையில குண்டு போட்ட எம்டன்: ஒரு குரூசரோட மூணு மாசக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகப் பேச்சு சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

நம்ம ஊர்ல கடல் கிடையாது. கோயம்புத்தூர்ல கடற்படைன்னு சொன்னா, ரெட் ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கற ஐ.என்.எஸ். அக்ரணியைத் தாண்டிப் பெருசா எதுவும் ஞாபகத்துக்கு வராது. ஆனா ஒரு போர்க்கப்பலோட பேர் மட்டும் நூறு வருஷத்துக்கு மேலா நம்ம வீடுகளுக்குள்ள புழங்கிட்டிருக்கு. "அவங்கப்பா சரியான எம்டனுங்க", "பையன் எம்டனாட்ட இருக்கான், கம்முனு இருந்தே காரியத்தை முடிச்சுட்டான்"னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. 2006-ல ஒரு படத்துக்கே "எம்டன் மகன்"னு பேர் வெச்சாங்க. அப்புறம் அது "எம் மகன்"னு மாறுச்சு.

இந்தக் கப்பலைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் ஒரே வரிதான்: முதல் உலகப்போர்ல வந்து சென்னையில குண்டு போட்டுச்சு. ஆனா அது அந்தக் கப்பல் செஞ்ச வேலையில ஒரு அரை மணி நேரம்கூட இல்லை. மீதி மூணு மாசம் அது என்ன பண்ணுச்சு, எதுக்காக நாலு நாட்டு போர்க்கப்பல்கள் அதைத் தேடி அலைஞ்சது, அதோட கணக்குல யாரெல்லாம் செத்தாங்க, இதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

குரூசர்னா என்ன?

முதல்ல இந்த வார்த்தை. அந்தக் காலத்துக் கடற்படையில பெரிய பெரிய பீரங்கி, தடிமனான இரும்புக் கவசம், இதோட இருக்கறது பேட்டில்ஷிப். அதுக்கு நேருக்கு நேர் சண்டைதான் வேலை. குரூசர் அப்படியில்லை. கவசம் கம்மி, பீரங்கியும் சின்னது, ஆனா வேகமாப் போகும், ரொம்ப தூரம் போகும். வேவு பாக்கறது, நம்ம வணிகக் கப்பலுக்குக் காவல் போறது, எதிரியோட வணிகக் கப்பலைப் பிடிக்கறது, இதெல்லாம் குரூசரோட வேலை.

எம்டன் ஒரு லைட் குரூசர். டான்சிக் நகரத்துல கட்டுனாங்க. 1908-ல கடல்ல இறங்குச்சு, 1909-ல கடற்படைப் பணிக்கு வந்துச்சு. நீளம் சுமார் 118 மீட்டர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. அதுல கிட்டத்தட்ட 360 பேர் இருந்தாங்க. எம்ஸ் ஆத்தோரமா இருக்கற எம்டன் நகரத்தோட பேரைத்தான் இதுக்கு வெச்சாங்க. 1910-ல ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, சீனாவுல ஜெர்மனி வசம் இருந்த சிங்டாவ் துறைமுகத்துக்கு வந்தது. அதுக்கப்புறம் அது ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

1913-லிருந்து இதுக்கு கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். அதிகம் பேசாத ஆளு. 1914 ஆகஸ்ட்ல போர் வந்ததும், கிழக்காசியாவுல இருந்த ஜெர்மன் கப்பல் படைக்கு ஒரு பிரச்சினை. சுத்தி எல்லாம் எதிரி. படைத்தலைவர் அட்மிரல் ஷ்பே மொத்தப் படையோட பசிபிக் கடலைத் தாண்டித் தென்னமெரிக்காப் பக்கம் போக முடிவு பண்ணுனார். முல்லர் என்ன கேட்டார்னா, ஒரே ஒரு குரூசரை இந்தியப் பெருங்கடலுக்கு விடுங்க, அங்கதான் பிரிட்டனோட வணிகம் காவல் இல்லாமப் போகுதுன்னு. ஷ்பே ஒத்துக்கிட்டார். ஆகஸ்ட் 14-ஆம் தேதி எம்டன் தனியாப் பிரிஞ்சது. கூட ஒரே ஒரு நிலக்கரிக் கப்பல், மார்க்கோமானியா.

பிடிச்ச கரியில ஓடுன கப்பல்

இந்தப் பயணத்துல முல்லருக்கு இருந்த பெரிய எதிரி பிரிட்டிஷ் கடற்படை இல்லைங்க, நிலக்கரிதான். எம்டன் நீராவி எஞ்சின்ல ஓடற கப்பல். கரி தீந்துச்சுன்னா நடுக்கடல்ல நிக்க வேண்டியதுதான். போய் ஒதுங்க ஒரு துறைமுகம்கூட இல்லை. அதனால எதிரியோட கரியைப் பிடிச்சு, அதுலயே ஓடி, அடுத்த எதிரியைப் பிடிக்கணும். மாலுமிங்க மூட்டை மூட்டையா கரியை ஒரு கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலுக்குக் கையில மாத்துனாங்க.

இன்னொரு தந்திரமும் பண்ணுனாங்க. எம்டனுக்கு மூணு புகைக்கூண்டு. அந்தப் பக்கம் சுத்திட்டிருந்த சில பிரிட்டிஷ் குரூசருக்கு நாலு. துணை கேப்டன் ஃபான் முக்கே, மரச்சட்டமும் துணியும் வெச்சு நாலாவதா ஒரு போலிப் புகைக்கூண்டு கட்டுனார். தூரத்துல இருந்து பாத்தா பிரிட்டிஷ் கப்பலாட்டவே தெரியும்.

செப்டம்பர் 10-ஆம் தேதி வங்கக் கடல்ல வேட்டை ஆரம்பிச்சது. அஞ்சே நாள்ல கல்கத்தா பாதையில இன்டஸ், லொவாட், கபிங்கா, கில்லின், டிப்ளமாட், டிராபோச், கிளான் மதேசன்னு வரிசையாப் பிடிபட்டது. டிப்ளமாட் கப்பல் முழுக்க லண்டனுக்குப் போற தேயிலை. கிளான் மதேசன்ல மோட்டார் காரும் ரயில் எஞ்சினும் இருந்தது. இன்டஸ்ல இருந்து அவங்க ரொம்ப சந்தோஷமா எடுத்துக்கிட்டது சோப்பு, ஏன்னா எம்டன்ல சோப்பு தீந்து போற நிலைமையில இருந்தது.

முல்லரோட முறை எப்பவும் ஒண்ணுதான். கப்பலை நிறுத்துவாங்க, ஆளுங்களைப் பத்திரமா இறக்குவாங்க, சரக்குல வேணுங்கறதை எடுத்துக்குவாங்க, அப்புறம் கப்பலை மூழ்கடிப்பாங்க. கபிங்கா கப்பல்ல கேப்டனோட மனைவியும் குழந்தையும் இருந்தாங்க. அதை மூழ்கடிக்காம, பிடிச்சு வெச்சிருந்த எல்லாரையும் அதுல ஏத்திக் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டார். இப்படிப் பிடிபட்ட வணிகக் கப்பல் ஆளுங்கள்ல ஒருத்தர்கூட சாகலை. விடுதலையானவங்க எம்டனைப் பாத்து உரக்க வாழ்த்துக் குரல் கொடுத்துட்டுப் போனாங்க. எதிரி நாட்டுப் பத்திரிகைகளே முல்லரை ஜென்டில்மேன்னு எழுத ஆரம்பிச்சது இப்படித்தான்.

செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி

அதுக்கப்புறம் எம்டன் ரங்கூன் பக்கமா ஒதுங்குச்சு. சில நாள் புதுசா சத்தமே இல்லை. ஆபத்து போயிடுச்சுன்னு நினைச்சுக் கப்பல்கள் மறுபடியும் ஓட ஆரம்பிச்சது. 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி, மெட்ராஸ்ல விளக்கெல்லாம் எரிஞ்சிட்டிருக்கு. அப்போ ஹைகோர்ட் கட்டிடத்து மேலதான் லைட்ஹவுஸ். அதுவும் எரியுது. ராத்திரியில கடல்ல வர்றவனுக்கு வழி காட்ட இதைவிட வேறென்ன வேணும்?

எம்டன் துறைமுகத்துல இருந்து மூணு கிலோமீட்டருக்கும் பக்கத்துல வந்து நின்னுச்சு. சர்ச்லைட்டைப் போட்டு இலக்கைப் பாத்துட்டு, சுட ஆரம்பிச்சது. முக்கிய இலக்கு பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டேங்குகள். கிட்டத்தட்ட 130 குண்டு. ரெண்டு டேங்க் தீப்பிடிச்சு லட்சக்கணக்கான கேலன் மண்ணெண்ணெய் எரிஞ்சது. துறைமுகத்துல நின்ன ஒரு கப்பலுக்கும் அடி. கரையில இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டது, ஒண்ணும் படலை. கொஞ்ச நேரத்துலயே எம்டன் விளக்கை அணைச்சுட்டு இருட்டுல போயிடுச்சு.

ஊருக்குள்ளயும் குண்டு வந்து விழுந்தது. ஹைகோர்ட் மதில்ல அது விழுந்த இடத்துக்கு இன்னைக்கும் ஒரு கல்வெட்டு இருக்கு. குண்டோட துண்டு எழும்பூர் மியூசியத்துல இருக்கு. குறைஞ்சது அஞ்சு பேர் செத்தாங்க. ஜென்டில்மேன் கதையை நாம சொல்றப்ப இந்த அஞ்சு பேரை விட்டுடறோம். வணிகக் கப்பல்ல இருந்தவங்களுக்குக் கிடைச்ச எச்சரிக்கை, துறைமுகத்துல ராத்திரி இருந்தவங்களுக்குக் கிடைக்கலை.

உண்மையான சேதம் எங்க?

பொருளா கணக்குப் பாத்தா, ரெண்டு டேங்க் எண்ணெய். பிரிட்டிஷ் அரசுக்கு அது ஒரு பெரிய காசே இல்லை. ஆனா அடுத்த நாள்ல இருந்து ஜனங்க மூட்டை முடிச்சோட மெட்ராஸை விட்டுக் கிளம்பிட்டாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம் நெரிஞ்சது. கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரலை. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறுச்சு.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. எம்டன் ஒரு சமயத்துல ஒரு இடத்துலதான் இருக்க முடியும். ஆனா அது எங்க இருக்குன்னு தெரியாத வரைக்கும், எல்லா இடத்துலயும் இருக்கற மாதிரிதான். ரங்கூன்ல இருக்கற கேப்டனும் பயப்படணும், கொழும்புல இருக்கறவரும் பயப்படணும். ஒரு கப்பலை மூழ்கடிச்சா ஒரு கப்பல்தான் போகும். பயத்துல நூறு கப்பல் துறைமுகத்துலயே நிக்கும். முல்லர் மெட்ராஸ்ல எரிச்சது எண்ணெய், ஆனா குறி வெச்சது பிரிட்டிஷ் அரசு மேல இருந்த நம்பிக்கையை.

அந்த நம்பிக்கைக்கு நம்ம ஊர்லயே ஒரு விலை கொடுத்திருந்தாங்க. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1908-ல, வ.உ.சி.யைக் கொண்டு வந்து அடைச்சது கோயம்புத்தூர் ஜெயில்லதான். செக்கு இழுக்க வெச்சாங்க. அவர் மேல பிரிட்டிஷ் அரசுக்கு இருந்த கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல சுதேசிக் கப்பல் விட்டது. இந்தக் கடல் எங்களோடது, இதுல வேற யாரும் ஓட்ட முடியாதுன்னு சொன்ன அரசாங்கம் அது. அதோட முக்கியமான ஒரு துறைமுகத்துலயே ஒரு சின்ன குரூசர் வந்து தீ வெச்சுட்டு அடிபடாமப் போகுதுன்னா, ஜனங்க அதை எப்படிப் பேசியிருப்பாங்க?

இது பழைய கதை மட்டும் இல்லைங்க. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலை பாக்கறவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா, 2023 நவம்பருக்கு அப்புறம் செங்கடல்ல நடந்தது ஞாபகம் வரும். ஹூதிகள் சில கப்பலைத் தாக்குனாங்க. அடிபட்டது கொஞ்சம் கப்பல்தான். ஆனா பெரிய கப்பல் கம்பெனிகள் எல்லாம் சூயஸ் கால்வாயை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சாங்க. ஐரோப்பாவுக்குப் போற பனியன் துணிக்குப் பத்து, பதினஞ்சு நாள் கூடுதல், சரக்குக் கட்டணமும் ஏறுச்சு. அடி எங்கயோ விழுது, வலி இங்க வருது. 1914-ல முல்லர் பண்ணுனதும் இதே கணக்குதான்.

நம்ம பக்கத்துக் கடல்ல

மெட்ராஸ் முடிஞ்சதும் எம்டன் இலங்கையைச் சுத்தி மேற்கே வந்தது. கோயம்புத்தூருக்குப் பக்கத்துக் கடல் எதுன்னு கேட்டா, அது சென்னை இல்லை, கொச்சிதான். கொச்சியில இருந்து நானூறு கிலோமீட்டர்ல இருக்கற மினிக்காய் தீவு ஏடனுக்கும் கொழும்புக்கும் போற பாதையில ஒரு முக்குட்டு மாதிரி. எம்டன் இந்தப் பக்கம்தான் அடுத்த ஒரு மாசம் வேட்டையாடுச்சு. ப்யூரெஸ்க்னு ஒரு கப்பல் பிடிபட்டது. அதுல ஆறாயிரம் டன்னுக்கு மேல நல்ல வேல்ஸ் நிலக்கரி, ஹாங்காங்ல இருக்கற பிரிட்டிஷ் கடற்படைக்குப் போயிட்டிருந்தது. அதாவது எம்டனைத் தேடற கடற்படையோட கரியிலயே எம்டன் ஓடுச்சு.

நடுவுல டீகோ கார்சியா தீவுக்குப் போனாங்க. அங்க இருந்தவங்களுக்குப் போர் ஆரம்பிச்ச சேதியே வந்து சேரலை. எம்டன் மாலுமிங்க கப்பலோட அடிப்பாகத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டாங்க. கூடவே தீவுல இருந்த ஒருத்தரோட மோட்டார் படகையும் ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டுக் கிளம்பினாங்க.

பினாங்கு

இதுவரைக்கும் கேக்க நல்லா இருந்திருக்கும். அக்டோபர் 28-ஆம் தேதி காலைல கதை மாறுது.

இன்னும் விடியலை. போலிப் புகைக்கூண்டோட எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சது. அங்க ஷெம்சுக்னு ஒரு ரஷ்ய குரூசர் நங்கூரம் போட்டு நின்னுட்டிருந்தது. அதோட கேப்டன் கரையில இருந்தார். கப்பல்ல சண்டைக்கு எந்தத் தயாரும் இல்லை. எம்டன் கிட்ட வந்ததும் ஜெர்மன் கொடியை ஏத்தி, டார்பிடோ விட்டு, பீரங்கியால சுட்டது. சில நிமிஷத்துல ஷெம்சுக் ரெண்டா உடைஞ்சு மூழ்குச்சு. கிட்டத்தட்ட 90 மாலுமிங்க செத்தாங்க. வெளிய வர்ற வழியில மூஸ்கேன்னு ஒரு பிரெஞ்சு டெஸ்ட்ராயர் எதிர்ல வந்தது. அதையும் மூழ்கடிச்சாங்க. தண்ணியில தத்தளிச்ச பிரெஞ்சு மாலுமிங்கள்ல 36 பேரை எம்டனே தூக்கிக் காப்பாத்துச்சு. மீதி நாப்பதுக்கும் மேல செத்துட்டாங்க.

ஒரே காலையில, ஒரே கேப்டன். போர்க்கப்பல் எவ்வளவு நாகரிகமா நடந்துக்கிட்டாலும், அதைக் கட்டுனது இதுக்குத்தான்.

கோகோஸ் தீவு

நவம்பர் 9. எம்டன் கோகோஸ் தீவுகள்ல டைரக்ஷன் ஐலண்டுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவையும் மத்த நாடுகளையும் இணைக்கற கடலடித் தந்திக் கம்பியும் ஒயர்லெஸ் நிலையமும் அங்க இருந்தது. அதை அறுத்துட்டா இன்னும் கொஞ்ச நாள் யாருக்கும் சேதி போகாது. ஃபான் முக்கே தலைமையில அம்பது பேர் கரையில இறங்குனாங்க.

ஆனா அங்க வேலை பாத்தவங்க அந்தக் கப்பலைப் பாத்து சந்தேகப்பட்டு, வாசல்ல தெரியாத கப்பல் ஒண்ணு நிக்குதுன்னு ஒயர்லெஸ்ல சொல்லிட்டாங்க. சுமார் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏத்திட்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் போயிட்டிருந்தது எம்டனுக்குத் தெரியாது. அதுக்குக் காவலா வந்த சிட்னிங்கற குரூசர் திரும்பி நேரா இங்க வந்தது.

சிட்னி புதுசு. வேகம் அதிகம், ஆறு இஞ்ச் பீரங்கி. எம்டன் முதல்ல சுட்டது, குறியும் சரியாவே பட்டது. ஆனா அப்புறம் சிட்னி தூரத்தைக் கூட்டி நின்னு அடிச்சது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல சண்டை. புகைக்கூண்டெல்லாம் சாஞ்சு, பீரங்கியெல்லாம் அடங்குனதும், முல்லர் கப்பலை நார்த் கீலிங் தீவோட பாறையில ஏத்தி நிறுத்திட்டார். சிட்னி திரும்பி வந்தப்ப எம்டன்ல ஜெர்மன் கொடி இன்னும் பறந்துட்டிருந்தது. சரணடையச் சொல்லி சிக்னல் கொடுத்தாங்க. பதில் வரலை. எம்டன்காரங்க சிக்னல் புத்தகத்தை ஏற்கனவே அழிச்சிருந்தாங்க. சிட்னி மறுபடியும் சுட்டது. அதுக்கப்புறம்தான் கொடி இறங்குச்சு. எம்டன்ல செத்தவங்க 130 பேருக்கும் மேல. சிட்னியில நாலு பேர்.

கரையில இறங்குன அம்பது பேர் என்ன ஆனாங்க? அயேஷான்னு ஒரு பழைய பாய்மரக் கப்பலை எடுத்துட்டுத் தப்பிச்சாங்க. சுமத்ரா, அரேபியப் பாலைவனம்னு அலைஞ்சு, வழியில சிலரை இழந்து, 1915-ல கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தாங்க. அது தனி எபிசோடு போட வேண்டிய கதை.

மூணு மாசத்துக்கும் கம்மியான காலத்துல இந்தக் கப்பல் இருபதுக்கும் மேல வணிகக் கப்பலைப் பிடிச்சது. மூழ்கடிச்சதோட கொள்ளளவு மட்டும் சுமார் 70,000 டன்.

செண்பகராமன் பிள்ளை எம்டன்ல வந்தாரா?

இந்தக் கேள்வி எப்பவும் வரும். எம்டன்ல இருந்து குண்டு போடச் சொன்னது செண்பகராமன் பிள்ளைதான்னு நிறையப் பேர் சொல்வாங்க. திருவனந்தபுரத்துல பிறந்த தமிழர், இந்திய விடுதலைக்காக ஐரோப்பாவுல இருந்து வேலை செஞ்சவர். அதுல சந்தேகமே இல்லை. ஆனா 1914 செப்டம்பர்ல அவர் சுவிட்சர்லாந்துல, சூரிச் நகரத்துல இந்தியாவுக்கு ஆதரவா ஒரு கமிட்டி ஆரம்பிச்சிட்டிருந்தார். அப்புறம் பெர்லின் போனார். எம்டன் 1910-லயே ஜெர்மனியை விட்டுக் கிளம்பிட்டது, திரும்பிப் போகவே இல்லைன்னு முன்னாடியே சொன்னேன் இல்லீங்களா? நடுவுல அவர் எங்க ஏறியிருக்க முடியும்? இந்தக் கதை இல்லாமலே அவர் பெரிய மனுஷர்தான்.

பேர் மட்டும் நின்னுச்சு

இப்ப எம்டனோட ஒரு பீரங்கி சிட்னி நகரத்துல ஹைட் பார்க்ல நிக்குது. நம்மகிட்ட இருக்கறது ஒரு வார்த்தை. தமிழ்ல எம்டன்னா தந்திரக்காரன், இல்லைன்னா பாத்தாலே பயம் வர வைக்கற ஆளு. வாளையாரைத் தாண்டி பாலக்காட்டுக்குப் போனீங்கன்னா, அதே வார்த்தை மலையாளத்துல "எமண்டன்". அங்க அதுக்குப் பொருள் ரொம்பப் பெருசு. 118 மீட்டர் நீளமுள்ள ஒரு சின்ன குரூசர், பயத்துல எவ்வளவு பெருசாத் தெரிஞ்சிருக்குன்னு இந்த ஒரு வார்த்தையே சொல்லுது.

எனக்கு இதுல முக்கியமாப் படறது ஒண்ணுதான். அந்த வார்த்தைக்குள்ள முல்லரோட சாமர்த்தியம் இருக்கு, நம்ம ஆளுங்க பயந்தது இருக்கு, பிரிட்டிஷ்காரன் அடிபட்டதுல வந்த சின்ன சந்தோஷமும் இருக்கு. ஆனா மெட்ராஸ் துறைமுகத்துல செத்தவங்களும், பினாங்குல தூங்கிட்டிருந்தப்பவே மூழ்குன மாலுமிங்களும் அதுல இல்லை. அடுத்த தடவை யாராவது எம்டன்னு சொன்னா சிரிங்க, தப்பில்லை. கூடவே இந்தக் கணக்கையும் சொல்லிடுங்க.

உங்க வீட்டுல அப்புச்சி, அம்மிச்சி, அப்பத்தா யார்கிட்டயாவது, எம்டன்னா என்ன அர்த்தம்னு கேட்டுப் பாத்து எழுதுங்க. ஊருக்கு ஊர் பதில் மாறும்னு நினைக்கறேன். அடுத்த எபிசோடுல பாக்கலாங்க.